குமரி மாவட்டத்திலிருந்து ஜெர்மன், பிரெஞ்சு: படிக்கத் தொடங்குவோருக்கும் சொல்லிக்கொடுக்க நினைப்போருக்கும்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: எந்தத் தேர்வு, எந்த நிலை, எந்த மாதத்துக்குள். இந்த மூன்றும் தெரியாமல் சேருகிறவர்கள்தான் ஏ2 வரை வந்து பாதியில் நிற்கிறார்கள்.

இரண்டு மொழிக்கும் அளவுகோல் ஒன்றே. ஐரோப்பிய மொழிச் சட்டகம் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் வைத்திருக்கிறது. உங்கள் தேவை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நர்சிங் முடித்து ஜெர்மனி போக நினைப்பவருக்கு இலக்கு பி2. பலர் பி1 சான்றிதழோடு புறப்பட்டு, அங்கே போய் பி2 எழுதுகிறார்கள். ஆனால் முழு நர்ஸாக அங்கீகாரம் பெற பெரும்பாலான மாநிலங்கள் பி2 கேட்கின்றன. பிளஸ் டூ முடித்து ஆவுஸ்பில்டுங் எனப்படும் சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சிக்குப் போகிறவருக்குப் பொதுவாக பி1. கணவரோ மனைவியோ ஜெர்மனியில் இருந்து, குடும்ப விசாவில் சேரப்போகிறவருக்கு ஏ1 போதும். ஆங்கிலவழி முதுகலைக்குப் போகும் மாணவரிடம் பல்கலைக்கழகம் ஜெர்மன் கேட்காமல் இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தந்தாலும், ஏ2 கூட இல்லாமல் கடையில் வேலை கிடைப்பது கடினம். ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அனுமதிக்கும், 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 அடிப்படைத் தகுதி.

பிரெஞ்சில் கணக்கு வேறு. பிரான்சில் பிரெஞ்சுவழி இளங்கலைக்கு வழக்கமாக பி2. கனடா குடியேற்றத்துக்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சுப் பட்டயத் தேர்வு செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும். கனடாவின் குடியேற்றத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சுப் பிரிவில் வர, நான்கு திறன்களிலும் அவர்களுடைய அளவில் 7 வேண்டும். அது ஏறத்தாழ பி2. அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். டெல்ஃப் பட்டயம் ஆயுளுக்கும் செல்லும். கனடா நினைப்பில் இரண்டு ஆண்டு டெல்ஃப் வகுப்பிலேயே இருந்துவிட்டுக் கடைசியில் தேர்வு மாறியது தெரிந்து தவிப்பவர்கள் உண்டு. முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கு

ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் ஜெர்மனியின் பண்பாட்டு நிறுவனமான கெதே இன்ஸ்டிட்யூட் 45 நிமிடத்தை ஒரு பாடவேளையாக எண்ணுகிறது. ஏ1 முடிக்க 80 முதல் 200, ஏ2-க்கு 200 முதல் 350, பி1-க்கு 350 முதல் 650, பி2-க்கு 600 முதல் 800. இவை ஒவ்வொன்றும் ஆரம்பத்திலிருந்து கூட்டிய மொத்தம்.

இதை வைத்து விளம்பரங்களைச் சோதிக்கலாம். தினம் மூன்று மணி நேர வகுப்பு என்றால் நான்கு பாடவேளை. வாரம் ஐந்து நாளுக்கு 20. ஆறு மாதத்தில் 26 வாரம், மொத்தம் 520. ஒரு நாள் கூட விடுமுறை இல்லாமல் போனாலும் பி2-இன் குறைந்தபட்சமான 600-ஐத் தொடவில்லை. 'ஆறு மாதத்தில் பி2' என்ற பலகையைப் பார்த்தால் தினம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிப்பவர் பி1-க்கு ஓராண்டு, பி2-க்கு இன்னும் ஆறேழு மாதம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். பிரெஞ்சில் பி1-க்கு 360 முதல் 400 மணி நேரம், பி2-க்கு 560 முதல் 650 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

எங்கே படிப்பது

குமரிக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. சென்னையில் கெதே இன்ஸ்டிட்யூட்டும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கின்றன, கோயம்புத்தூரில் கெதே சென்ட்ரம் இருக்கிறது. ஆனால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம். அங்கே கெதே சென்ட்ரமும் உண்டு, அலியான்ஸ் பிரான்சேஸும் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரலாம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வார இறுதி வகுப்புக்கு அது தாங்கும், தினமும் தாங்காது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவருக்கு மலையாளம் காதில் விழுந்து பழகியது என்பதால் அங்குள்ள வகுப்பில் சிரமம் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவர்கள் விளக்கம் எந்த மொழியில் நடக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலானோருக்கு ஒத்துவரும் வழி இது: ஏ1, ஏ2-வை ஊரிலேயே நேரடி வகுப்பில் படியுங்கள், பி1 முதல் கெதே அல்லது அலியான்ஸின் ஆன்லைன் வகுப்புக்கு மாறுங்கள், தேர்வுக்குத் திருவனந்தபுரம் போங்கள். முதல் மாதம் வாயைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் எதிரில் வேண்டும். அதனால்தான் ஆரம்பத்தை ஆன்லைனில் வைக்க வேண்டாம் என்கிறோம்.

ஊர் சென்டரில் சேருமுன் கேட்க வேண்டியவை:

- ஆசிரியர் எந்தத் தேர்வு எழுதி, எந்த நிலை முடித்திருக்கிறார்? பி1 சொல்லித்தருபவர் பி1-ஐ மட்டுமே முடித்திருந்தால் வேண்டாம்.
- ஒரு நிலைக்கு மொத்தம் எத்தனை பாடவேளை? எழுதித் தரச் சொல்லுங்கள்.
- ஒரு வகுப்பில் எத்தனை பேர்? 15-ஐத் தாண்டினால் நீங்கள் வாய் திறப்பது குறையும்.
- அவர்கள் தரும் சான்றிதழ் யாருடையது? சென்டர் சொந்தமாக அச்சடித்த ஏ1 சான்றிதழைத் தூதரகம் ஏற்காது. கெதே, டெல்க், ஓஎஸ்டி, டெஸ்ட்டாஃப் போன்றவைதான் விசாவுக்குச் செல்லும்.

ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாணவர்கள் பேசிய நேரம் ஆசிரியர் பேசிய நேரத்தில் பாதியாவது இருக்க வேண்டும்.

மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் மறுபடி ஏ1-இல் சேர வேண்டியதில்லை. ஆனால் நேராக பி1-இலும் குதிக்கக்கூடாது. தாளில் 95 வாங்கியவரும் கேட்டுப் புரிந்துகொள்வதில் ஏ1-இலேயே நிற்பதுண்டு. நிலைத்தேர்வு எழுதி, காதின் நிலைக்கு ஏற்ற வகுப்பில் சேருங்கள்.

முதல் மாதம்: காதும் வாயும்

இங்கே அச்சு வசதிக்காக அயல்மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். உங்கள் நோட்டில் இதைச் செய்யாதீர்கள். தமிழில் ப என்ற ஒரே எழுத்து 'பல்' என்பதில் ஒரு மாதிரியும் 'அம்பு' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. ஜெர்மனில் இவை இரண்டு தனி எழுத்துகள், அர்த்தமும் மாறும். 'பாக்கன்' என்று நோட்டில் எழுதினால் அது ரொட்டி சுடுவதா பெட்டி கட்டுவதா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. பிரெஞ்சில் மீனும் விஷமும் தமிழ் எழுத்தில் 'புவாஸோன்' என்று ஒன்றுபோலவே விழும். மீனில் வருவது சாதாரண ஸ, விஷத்தில் வருவது தேனீ ரீங்காரம் போல் தொண்டை அதிரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

தமிழில் இல்லாத உயிரொலிகள் இரண்டு. ஜெர்மனில் ஐந்து என்ற சொல்லில் வரும் ஊ-மேல்-இரண்டு-புள்ளி ஒலிக்கு, 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்து, உதட்டை அசைக்காமல் உள்ளே 'ஈ' சொல்லுங்கள். ஓ-மேல்-இரண்டு-புள்ளிக்கு உதட்டில் 'ஓ', உள்ளே 'ஏ'. கண்ணாடி முன்னால் தினம் ஐந்து நிமிடம் போதும். இரண்டு வாரத்தில் படியும். பிரெஞ்சிலும் இதே ஒலிகள் வருகின்றன. இதைத் தவறவிட்டால் பிரெஞ்சில் 'நீ' என்பதும் 'எல்லாம்' என்பதும் ஒரே 'தூ' ஆகிவிடும்.

பிரெஞ்சின் மூக்கொலி பலரைப் பயமுறுத்துகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பேச்சில் 'மரம்', 'பழம்' என்பவற்றின் கடைசி 'ம்'மை நாம் உதடு மூடிச் சொல்வதில்லை. உயிரை மூக்கு வழியாக இழுத்து விட்டுவிடுகிறோம். அந்த ஒலியேதான் பிரெஞ்சின் 'போன்', 'நோன்'. கடைசியில் ன் என்று நாக்கை மேலே ஒட்டாமல் விட்டால் சரியாக வரும்.

அடுத்தது எழுத்துகளின் பெயர். கெதே ஏ1 பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் பெயர், வயது, ஊர், மொழிகள், வேலை, பொழுதுபோக்கு சொன்னதும் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் ஜெ-யில் தொடங்கும் பெயர்கள் ஏராளம். ஜெர்மனில் அந்த எழுத்தின் பெயர் 'யோட்'. 'ஏ' என்று சொன்னால் ஈ எழுத்தை எழுதுவார்கள், 'ஈ' என்று சொன்னால் ஐ எழுத்தை எழுதுவார்கள். வி-க்கு 'ஃபவ்', டபிள்யூ-வுக்கு 'வே'. பிரெஞ்சில் ஜே எழுத்தை 'ஜி' போலவும் ஜி எழுத்தை 'ஜே' போலவும் சொல்கிறார்கள், ஆங்கிலத்துக்கு நேர் எதிர். உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் எழுத்துக்கூட்டும் அளவுக்குப் பழகுங்கள்.

எண்களில்தான் கேட்டல் தேர்வு மதிப்பெண் போகிறது. ஜெர்மனில் 21 என்பது 'ஒன்றும் இருபதும்'. பிரெஞ்சில் 70 என்பது அறுபது பத்து, 80 என்பது நான்கு இருபது, 92 என்பது நான்கு இருபது பன்னிரண்டு. மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தால் அடுத்த எண் போய்விடும். பஸ் டிக்கெட், கடை பில், பைக் நம்பர் என்று கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் உடனே சொல்லிப் பழகுவதுதான் வழி.

இலக்கணம்: ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள்

'இங்கிலீஷே சரியா வராது, ஜெர்மன் எப்படி வரும்?' என்று தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு உறுதியாகச் சொல்லலாம்: ஜெர்மன் இலக்கணத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் பல இடங்களில் பக்கம்.

ஜெர்மனில் வேற்றுமை நான்கு. தமிழில் எட்டை மனப்பாடம் செய்தவருக்கு ஐ உருபும் கு உருபும் புதிதல்ல. 'எனக்குப் பிடிச்சிருக்கு', 'எனக்குக் குளிருது' என்பவற்றை ஆங்கிலம் 'நான்' போட்டுத் தொடங்குகிறது. ஜெர்மன் நம்மைப் போலவே 'எனக்கு' என்கிறது: 'தாஸ் கெஃபெல்ட் மியர்', 'மியர் இஸ்ட் கால்ட்'. 'ஏனென்றால்' போட்ட வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதை ஆங்கிலவழியினர் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். நமக்கு வினை கடைசியில் வருவது பிறவிப் பழக்கம். பிரெஞ்சிலும் வயது சொல்ல 'இருபது வயது இருக்கிறது' என்ற அமைப்புதான். ஆங்கிலப் பழக்கத்தில் 'நான் இருபது' என்று சொல்லித்தான் தப்பு செய்கிறார்கள். நீங்க, நீ என்ற மரியாதை வேறுபாடும் இரண்டு மொழியிலும் அப்படியே உண்டு.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ஜெர்மனின் சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில்தான் நிற்கும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்தது 'போகிறேன்', பிறகுதான் 'நான்'. இன்னொன்று பால். மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்பதற்குத் திணை அறிவு உதவாது. சொல்லைத் தனியாகப் படிக்காமல் டேர், டீ, டாஸ் முன்னொட்டோடும் பன்மையோடும் சேர்த்தே படியுங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளலாம். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிபவை பெண்பால், 'ஷென்' என்று முடிபவை இரண்டுமல்லாத டாஸ் வகை. பிரெஞ்சில் 'ஸியோன்' என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால், 'மான்', 'ஆஜ்' பெரும்பாலும் ஆண்பால்.

பிரெஞ்சுக்காரருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. எழுத்தில் இருப்பதில் பாதி வாயில் வராது. 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறார்கள்' மூன்றும் எழுத்தில் வேறு, காதில் ஒரே 'பார்ல்'. எனவே தினம் ஐந்து வரி டிக்டேஷன் எழுதுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

ஜெர்மனுக்கு அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே தரும் 'நீகோஸ் வேக்' ஏ1 முதல் பி1 வரை முழுப் பாடத்திட்டம், கட்டணமில்லை. ஃபோக்ஸ்ஹோக்ஷூலே லெர்ன்போர்ட்டால் என்ற கற்றல் தளமும் இலவசம். பி1 தாண்டியவர்கள் டாய்ச்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கப்படும் செய்தியைத் தினம் கேட்கலாம். கெதே தன் தளத்தில் எல்லா நிலைக்கும் மாதிரித் தேர்வுகளையும் பி1 வரை சொற்பட்டியல்களையும் வைத்திருக்கிறது. ஏ1-க்குச் சுமார் 650 சொல், ஏ2-க்கு 1,300, பி1-க்கு 2,400. தினம் 15 புதிய சொல் என்றால் ஏ1 பட்டியல் ஒன்றரை மாதம், பி1 வரை ஐந்தரை மாதம். அங்கி என்ற செயலியில் போட்டுக்கொண்டால் மறக்கும் நேரம் பார்த்து அதுவே திரும்பக் கேட்கும்.

பிரெஞ்சுக்கு டிவி5மோந்த் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை காணொளிப் பயிற்சிகள் உண்டு. ஆர்எஃப்ஐ வானொலி தினமும் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. டெல்ஃப் மாதிரித் தாள்கள் பிரான்ஸ் எடுகாசியோன் தளத்தில் கிடைக்கும். அலியான்ஸில் உறுப்பினராகச் சேர்ந்தால் 'குல்த்யூர்தேக்' மின்நூலகமும் கிடைக்கும்.

இவற்றைப் பயன்படுத்தும் முறைதான் முக்கியம். இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து, முதலில் எழுத்து இல்லாமல் இருமுறை கேளுங்கள். அடுத்து எழுத்தோடு ஒருமுறை. பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லுங்கள். கடைசியில் போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் ஆகும். பத்து காணொளியை வரிசையாகப் பார்ப்பதைவிட இந்த ஒன்று மேல்.

தேர்வும் பதிவும்

கெதே ஏ1-இல் கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பேச்சு சுமார் 15. நூற்றுக்கு 60 தேர்ச்சி. பி1, பி2-இல் நான்கு மாட்யூல். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 வேண்டும். தவறியதை மட்டும் மறுபடி எழுதலாம். டெல்ஃபில் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 25. மொத்தம் 50 போதும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் தேர்ச்சி இல்லை.

எழுத்தில் மதிப்பெண் போகும் காரணம் பெரும்பாலும் இலக்கணம் அல்ல. ஏ1 கடிதத்தில் மூன்று குறிப்புகள் தந்து சுமார் 30 சொல் கேட்பார்கள். ஒரு குறிப்பை விட்டாலே அந்த மதிப்பெண் போச்சு. விளிப்பும் முடிப்பும் இல்லாவிட்டாலும் குறையும். பி1 பேச்சில் இணையர் ஒருவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பவர்கள் அங்கே விழுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நம் பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி நிரப்புங்கள். கட்டம் காலியாக உள்ளவர்கள் பதிவுக்கு முன்பே தேர்வு மையத்தைக் கேட்டு எழுதுங்கள். பிறந்த தேதியும் ஊரும் கெதே சான்றிதழில் அச்சாகும் என்பதால் அதிலும் பாஸ்போர்ட்டே அளவு. எனவே பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே பதிவு செய்யுங்கள். தேர்வன்று அசலைக் கொண்டுபோங்கள். காலைத் தேர்வு என்றால் முந்தின இரவே திருவனந்தபுரம் தம்பானூர் பக்கம் தங்கிவிடுவது நல்லது. காலை ரயிலையோ பஸ்ஸையோ நம்ப வேண்டாம்.

தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பும். மூன்று மாதம் முன்பே தேதியைக் கவனியுங்கள். அதேபோல் சான்றிதழைச் சீக்கிரமாக வாங்கி வைத்துவிட்டு விசாவுக்கு இரண்டு ஆண்டு கழித்துப் போகாதீர்கள். ஜெர்மன் சான்றிதழில் காலாவதித் தேதி இல்லை, ஆனால் ஓராண்டுக்கு மேல் பழையதைத் தூதரகம் ஏற்க மறுக்கலாம்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் இரண்டு செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவருக்கு, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும்.

நர்ஸ்கள் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஜெர்மன் பயிற்சியோடு வேலை தரும் திட்டங்கள் அங்கே வருகின்றன. தனியார் ஏஜென்சி என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அசல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கெதே சான்றிதழ்களைத் தூதரகம் சரிபார்க்க முடியும், பிடிபட்டால் விசாக் கனவு அங்கேயே முடியும்.

சொல்லிக்கொடுக்க நினைப்பவருக்கு

ஏ1 வகுப்பு எடுக்க பி2, பி1 வகுப்பு எடுக்க சி1 முடித்திருப்பது குறைந்தபட்சம். கெதே நடத்தும் 'டாய்ச் லேரன் லெர்னன்' ஆசிரியர் பயிற்சியை ஆன்லைனில் செய்யலாம். பிரெஞ்சில் தொலைவழியில் தயேஃப்ல் என்ற பட்டயம் உண்டு. பல்கலைக்கழக வழியில் போகிறவருக்குப் புதுச்சேரி, சென்னை, ஹைதராபாத் இஃப்ளு, டெல்லி ஜேஎன்யு ஆகியவை இருக்கின்றன. சிபிஎஸ்இ-யில் இரு மொழியும் பாடமாக இருப்பதால் பள்ளி வேலைக்கு வாய்ப்புண்டு, பி.எட். கேட்பார்கள். பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு அகில இந்திய அளவில் சங்கம் இருக்கிறது. சேர்ந்துகொண்டால் பயிலரங்குகள் பற்றித் தெரியவரும்.

90 நிமிட வகுப்பை இப்படிப் பிரிக்கலாம்: சுற்றிக் கேள்வி கேட்டு மீள்பார்வை 10, கேட்டல் 15, இருவர் இருவராகப் பேச்சு 20, பலகையில் இலக்கணம் 15, நடிப்பு 20, டிக்டேஷன் 10. பலகை நேரத்தை 15-இலிருந்து நீட்டிவிடாதீர்கள். அந்த 15 நிமிட விளக்கத்தையும் தமிழில் சொல்லுங்கள். வேற்றுமை உருபு தெரிந்த பிள்ளைக்கு டேட்டிவை (கு உருபு வேற்றுமையை) ஆங்கிலத்தில் விளக்கிக் குழப்புவது அநியாயம்.

நடிப்புக்கு ஊர்ச் சூழலே போதும். விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் கேட்கும் பயணி, பத்மநாபபுரம் அரண்மனைக்கு வழி கேட்பவர், தோவாளைப் பூச்சந்தையில் விலை பேசுபவர். நர்ஸ்களுக்கு டூட்டி மாற்றும்போது நோயாளி நிலையைச் சொல்லும் பேச்சை ஏ2-இலிருந்தே கொடுங்கள்: நேற்றிரவு காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணிக்கு மருந்து, வலி எங்கே. ஆஸ்பத்திரி டூட்டி ஷிஃப்ட் மாறும் என்பதால் நர்ஸ்களுக்கான வகுப்பைக் காலை, மாலை இரண்டு வேளையும் ஒரே பாடமாக நடத்துங்கள். வாரம் மாறினாலும் பாடம் விடுபடாது. வருகைப் பதிவேட்டில் நாளை எண்ணாமல் பாடவேளையை எண்ணி எழுதுங்கள். யார் எத்தனை பாடவேளையில் நிற்கிறார், எந்த மாதம் தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.